எச்-1பி விசாவில் இருப்பவர் மான் வேட்டைக்கும் வீட்டுக் காவலுக்கும் ஒரே துப்பாக்கி வாங்கலாமா?

கேள்வி: டெக்சஸில், டாலஸ் பக்கத்தில் பிரிஸ்கோவில் மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் இருக்கிறேன். எச்-1பி விசா. கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறோம். ஆபீஸ் நண்பர்கள் நவம்பரில் மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள். எங்கள் தெருவில் இரண்டு இந்தியர் வீடுகளில் நகை திருட்டுப் போனதிலிருந்து மனைவிக்குப் பயம். இரண்டுக்கும் சேர்த்து 700 டாலருக்குள் ஒரே ரைஃபிள் எது வாங்கலாம்? சிட்டிசனாக உள்ள நண்பர் ஒருவர் தன் பேரில் வாங்கித் தருவதாகச் சொல்கிறார்.

பதில்: கடைசியில் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நண்பர் பேரில் வாங்கவே வாங்காதீர்கள். எந்த ரைஃபிள், எந்தத் தோட்டா என்பதெல்லாம் அப்புறம். வேட்டைப் பாதுகாப்பு வகுப்புக்கு என்னிடம் வரும் நம் ஆட்களில் பலருக்கு இந்த யோசனையை யாராவது ஒருவர் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்.

கடையில் துப்பாக்கி வாங்கும்போது 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். அதில் 'உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா?' என்று ஒரு கேள்வி உண்டு. உங்கள் பணத்தில் உங்களுக்காக வாங்கிக்கொண்டு, நண்பர் அதற்கு 'ஆம்' என்று எழுதினால் அது பொய் வாக்குமூலம். முன்னாள் போலீஸ்காரர் ஒருவர் தன் மாமாவுக்காக இப்படித்தான் வாங்கினார். துப்பாக்கி வைத்திருக்க மாமாவுக்கு எந்தத் தடையும் இல்லை. அப்படியும் அது குற்றம்தான் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2022-ல் வந்த சட்டம் இன்னும் கடுமை. வைத்திருக்கத் தகுதி இல்லாதவருக்காக வாங்கிக் கொடுத்தால் 15 ஆண்டு வரை சிறை. நண்பர் நல்ல மனதோடு செய்கிறார் என்பதை எந்தக் கோர்ட்டும் பார்க்காது. இதில் 'சர்வீஸ் சார்ஜ்' வாங்கிக்கொண்டு செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வாசலையே மிதிக்க வேண்டாம்.

அடுத்து, உங்கள் நிலை. எச்-1பி, எச்-4 (எச்-1பி-காரரின் மனைவி, பிள்ளைகளுக்கு), எஃப்-1 (மாணவர்), எல்-1 (கம்பெனி மாற்றல்) போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது என்கிறது கூட்டாட்சிச் சட்டம். வாங்குவது மட்டுமல்ல, கையில் இருப்பதே குற்றம். இதற்கும் 15 ஆண்டு வரை உண்டு. துப்பாக்கி வழக்கில் தண்டனை பெற்றால் நாடு கடத்த அது ஒன்றே போதும்.

ஆனால் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அமெரிக்காவில் ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் உங்களிடம் இருந்தால் இந்தத் தடை உங்களுக்குப் பொருந்தாது. 'செல்லுபடியாகும்' என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. டெக்சஸ் லைசென்ஸின் ஆண்டு செப்டம்பர் 1-ல் தொடங்கி ஆகஸ்ட் 31-ல் முடிகிறது. போன நவம்பரில் எடுத்தோம், இந்த நவம்பர் வரை செல்லும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். செல்லாது. ஆகஸ்ட் 31 தாண்டி, புது லைசென்ஸ் எடுக்காமல் செப்டம்பர் 1 காலையில் எழுந்தால், அலமாரியில் பூட்டிக் கிடக்கும் அதே துப்பாக்கியால் நீங்கள் குற்றவாளி. புது லைசென்ஸ் ஆகஸ்ட் 15 முதலே கிடைக்கும், அன்றே எடுத்துவிடுங்கள். வேட்டைக்குப் போகாத வருடமும் எடுக்க வேண்டும். மீன்பிடி லைசென்ஸ் மட்டும் வைத்திருந்தால் இதற்கு உதவாது. மனைவி எச்-4-ல் இருக்கிறாரா? அவர் துப்பாக்கியைத் தொட வேண்டுமென்றால், துப்பாக்கி வைக்கும் பூட்டுப் பெட்டியின் சாவியோ எண்ணோ அவரிடம் இருக்க வேண்டுமென்றால், அவர் பேரிலும் தனி வேட்டை லைசென்ஸ் வேண்டும். ஊரிலிருந்து அப்பா அம்மா விசிட்டர் விசாவில் வந்து ஆறு மாதம் தங்கினால் அவர்களுக்கும் இதே சட்டம்தான். அவர்கள் கைக்குச் சாவி போகக் கூடாது.

இந்த மண்ணில் பத்துப் பன்னிரண்டு வருடம் வேலை செய்து, வரி கட்டி, வீடும் வாங்கியவரை 'தற்காலிகமாக வந்தவர்' என்று காகிதத்தில் வைத்திருக்கிறார்கள். கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பை வைத்துக்கொண்டு இந்தியர்களை முடிவில்லாத வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள். அவர் குற்றவாளியா இல்லையா என்பதை 25 டாலர் வேட்டை லைசென்ஸின் தேதி தீர்மானிக்கிறது. இதைப் பற்றி யாரும் எங்கும் அறிவிப்பு வைப்பதில்லை. அந்தக் கோபம் எனக்கு உண்டு. ஆனால் சட்டம் மாறும்வரை தேதியை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைக்குப் போகும்போது பாஸ்போர்ட், ஐ-94 (அமெரிக்காவுக்குள் வந்த பதிவு), டிரைவிங் லைசென்ஸ், வேட்டை லைசென்ஸ் நான்கும் கையில் இருக்கட்டும். டிரைவிங் லைசென்ஸில் இப்போது குடியிருக்கும் முகவரி இருக்க வேண்டும். 4473-ல் நான்-இமிகிரன்ட் (தற்காலிக) விசாவில் வந்தவரா என்று கேட்டிருக்கும்: 'ஆம்'. விதிவிலக்கில் வருகிறீர்களா என்று அடுத்துக் கேட்கும்: அதற்கும் 'ஆம்'. 'இல்லைன்னு போடுங்க, சீக்கிரம் முடியும்' என்று கடைக்காரர் சொன்னால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். துப்பாக்கிக் கண்காட்சியில் காகிதமே இல்லாமல் விற்கும் தனியாரிடமும் வாங்காதீர்கள். டெக்சஸில் அந்த வகை விற்பனைக்குப் பின்னணிச் சோதனை கட்டாயமில்லை. ஆனால் அந்தத் துப்பாக்கி எங்கிருந்து வந்தது, திருட்டுப் பொருளா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

சரி, துப்பாக்கிக்கு வருவோம். நீங்கள் ரைஃபிள் என்றுதான் கேட்டீர்கள். உங்கள் இரண்டு தேவைக்கும் நான் ரைஃபிள் சொல்லமாட்டேன். 20 கேஜ் பம்ப் ஷாட்கன் வாங்குங்கள். கேஜ் என்பது குழலின் அளவு. பம்ப் என்றால் முன்பிடியைக் கையால் இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுவது.

கடைகளில் உங்களுக்கு முதலில் காட்டுவது ஏஆர்-15 வகையாகத்தான் இருக்கும். '.223 தோட்டா, மானுக்கும் ஆகும், வீட்டுக்கும் ஆகும்' என்பார்கள். டெக்சஸில் அதை வைத்து மான் சுடச் சட்டம் அனுமதிக்கிறது, உண்மைதான். ஆனால் அந்தச் சின்னத் தோட்டாவுக்குச் சரியான ரகமும் சரியான இடத்தில் விழும் குறியும் வேண்டும். முதல் மானைச் சுடப் போகிறவரிடம் அதைக் கொடுத்தால், காயம்பட்ட மான் புதருக்குள் ஓடிப்போய்ச் சாகும். அதோடு உங்கள் வேலை நாளைக்கே வேறு மாநிலத்துக்கு மாறலாம். வர்ஜீனியாவில் மானுக்கு .23 அங்குலத்துக்குக் குறைந்த தோட்டா விட்டமுள்ள ரைஃபிள் கூடாது. பென்சில்வேனியாவில் ஏஆர்-15 போன்ற, அடுத்த தோட்டா தானே ஏறும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளால் மான் சுடக் கூடாது. நியூ ஜெர்சியில் மானுக்குச் சாதாரண ரைஃபிளே கிடையாது. ஷாட்கன், குழலின் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கி, வில் இவைதான். வேட்டைக்கு ஷாட்கன் இந்த மூன்று இடத்திலும் செல்லும். நியூ ஜெர்சியில் துப்பாக்கி வாங்கத் தனி அடையாள அட்டை மட்டும் முன்பே வாங்க வேண்டும்.

மாவரிக் 88 புதிதாகவே 300 டாலருக்குள் கிடைக்கும், மாஸ்பெர்க் 500 கொஞ்சம் கூடுதல். இரண்டிலும் குழலைக் கருவி எதுவும் இல்லாமல் கையால் திருகிக் கழற்றி மாற்றலாம். மானுக்கு, உள்ளே சுழல்வரி வெட்டிய குழல் ஒன்றைத் தனியாக வாங்கி, ஒற்றை ஈயக் குண்டான 'ஸ்லக்' போட்டால் 100 கெஜம் வரை தைரியமாகச் சுடலாம். டெக்சஸ் குத்தகை நிலங்களில் மானை வரவழைக்கும் தீவனப் பெட்டியிலிருந்து, நாம் ஒளிந்திருக்கும் மறைவுக் கூண்டு பெரும்பாலும் அந்தத் தூரத்துக்குள்தான் இருக்கும். நண்பர்களிடம் எத்தனை கெஜம் என்று கேளுங்கள். 200 கெஜம், திறந்த வெளி என்றால் ஷாட்கன் போதாது. அப்போது சேவேஜ் ஆக்சிஸ் அல்லது ரூகர் அமெரிக்கன் போல்ட் ரைஃபிளை (ஒவ்வொரு தோட்டாவையும் கையால் ஏற்றுவது) .243 அளவில் வாங்கி, வேட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதை வீட்டுக்குள் பயன்படுத்த நினைக்காதீர்கள். நம் வீட்டுச் சுவர் அரை அங்குல ஜிப்சம் அட்டைதான், நடுவில் வெற்றிடம். மான் தோட்டா அடுத்த அறையையும் தாண்டும், பக்கத்து வீட்டுக்கும் போகும். ஷாட்கன் பக்‌ஷாட்டும் (ஒரே சுடலில் பாயும் பல ஈயக் குண்டுகள்) சுவரைத் துளைக்கும். எந்தப் பக்கம் பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்று தெரியாமல் எதையும் வீட்டுக்குள் சுடக் கூடாது.

உங்கள் மனைவியின் பயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். நகைக்கு வரும் திருடன், வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் வருகிறான். கல்யாணத்துக்குப் போன சனிக்கிழமை உங்கள் ஷாட்கன் யாரையும் தடுக்காது. நகையோடு அதையும் சேர்த்து எடுத்துப் போவான். ஆகவே நகை பேங்க் லாக்கருக்குப் போகட்டும். வாசல் கதவுச் சட்டத்தில் பூட்டு நாக்கு விழும் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் முக்கால் அங்குல திருகாணிதான் இருக்கும், ஒரே உதையில் பெயர்ந்துவிடும். மூன்று அங்குல திருகாணி நான்கு போட்டால் உள்ளே இருக்கும் மரச்சட்டத்தையே பிடித்துக்கொள்ளும். செலவு ஐந்து டாலர். மனைவியின் பயம் குறைய, எந்தத் துப்பாக்கியை விடவும் இதை நான் முதலில் செய்வேன்.

700 டாலர் முழுவதையும் துப்பாக்கியில் போடாதீர்கள். 150 டாலரைப் பூட்டுப் பெட்டிக்கு ஒதுக்குங்கள். 17 வயதுக்குக் கீழுள்ள பிள்ளை, தோட்டா நிரப்பிய துப்பாக்கியை எடுக்கும்படி விட்டு வைப்பது டெக்சஸில் குற்றம். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். பெரியவர்கள் ஆன்லைனிலேயே முடிக்கலாம். ஆனாலும் ஒரு நாள் சுடும் பயிற்சி ரேஞ்சுக்குப் போய், வாடகைக்குக் கிடைக்கும் 20 கேஜ் ஒன்றில் பத்து ஸ்லக் சுட்டுப் பாருங்கள். தோளில் அதன் உதையைத் தாங்க முடிகிறதா என்று தெரிந்துகொண்டு பிறகு காசு கொடுங்கள். கடைக்குப் போகும் முன், உங்கள் எச்-1பி வழக்கைப் பார்க்கும் வக்கீலிடம் வேட்டை லைசென்ஸ் விதிவிலக்கு உங்களுக்குப் பொருந்துகிறது என்று எழுத்தில் ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள்.