முதல் டிராக்டர்: புதிய 25 குதிரைத்திறனா, பழைய 45ஆ?

கேள்வி: நானும் மனைவியும் சம்பள வேலையில் இருக்கிறோம். நாலு ஏக்கர் நிலத்தில் வீடு கட்டிக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. ஒரு ஏக்கர் காய்கறி, ஒரு ஏக்கர் பழமரங்கள், மீதி இரண்டு ஏக்கர் புல். ஒரு பக்கம் நல்ல சரிவு. சாலையிலிருந்து வீடு வரை 200 மீட்டர் மண்பாதை. உழவுக்கும் புல் வெட்டவும் வாடகை டிராக்டரைத்தான் நம்பியிருக்கிறோம். வேண்டிய நாளில் அது வருவதே இல்லை. சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று பார்த்தால், புதிய 25 குதிரைத்திறன் வண்டியை 10 சதவீத வட்டியில், 5 வருடத் தவணையில் தருகிறேன் என்கிறார் விற்பனையாளர். அதைவிட மலிவாகப் பழைய 45 குதிரைத்திறன் வண்டி ஒன்றும் வந்திருக்கிறது. சும்மா நிற்கும் நாளில் வாடகைக்கு விட்டால் தவணை தானாகவே கட்டிவிடும் என்கிறார்கள். எதை எடுப்பது? தொகைகளைத் தனியே எழுதியிருக்கிறேன், அவற்றை வெளியிட வேண்டாம்.

பதில்: உங்கள் தொகைகளை வெளியே சொல்லாமல் கணக்கைக் காட்ட ஒரு வழி இருக்கிறது. புது வண்டியின் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். அந்த அளவில் பழைய 45 குதிரைத்திறன் வண்டி 60. உங்கள் சேமிப்பு 70. மாதம் 2.5 மிச்சம் பிடிக்கிறீர்கள். டிரைவரும் டீசலும் சேர்த்து வாடகை மணிக்கு 0.15.

முதலில் அந்தத் தவணையைப் பார்த்துவிடுவோம், எனக்கு அங்கேதான் உறுத்தியது. 30 முன்பணம், மீதி 70 கடன், மாதம் 1.75 வீதம் 60 மாதம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கட்டக் கட்டக் குறைகிற அசலுக்கு மட்டும் 10 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை 1.49தான் வர வேண்டும். 1.75 எப்படி வந்தது? 70க்கு வருடம் 7 வட்டி, ஐந்து வருடத்துக்கு 35. அதை அசலோடு கூட்டி 60ஆல் வகுத்திருக்கிறார்கள். பாதிக் கடனை அடைத்த பிறகும் முழு 70க்கும் நீங்கள் வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். இதைத்தான் ஃபிளாட் வட்டி என்பார்கள். உண்மையான வருட வட்டி 17 சதவீதத்துக்கும் மேல். விற்பனையாளர் பொய் சொல்லவில்லை, 10 என்ற எண் அந்தத் தாளில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் யார் கடன் கொடுத்தாலும் சதவீதத்தைக் கேட்காதீர்கள். மாதம் எவ்வளவு, எத்தனை மாதம், மொத்தம் எவ்வளவு திரும்பக் கட்டுவேன் என்று கேளுங்கள். வட்டியே இல்லை என்று யாராவது சொன்னால், ரொக்கமாகக் கொடுத்தால் விலையில் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்தக் குறைப்புதான் வட்டி.

அப்புறம், நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று: வருடத்தில் எத்தனை மணி நேரம் வண்டி ஓடும்? டிராக்டர் வாங்குகிறவர்கள் குதிரைத்திறனைக் கேட்கிறார்கள், நிறத்தைக் கேட்கிறார்கள், மணிக்கணக்கைக் கேட்பவர் அபூர்வம். உங்கள் நிலத்துக்கு நானே போட்டுப் பார்த்தேன். மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் நாலடி ரோட்டவேட்டர் மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் போனால், திருப்பங்களையும் சேர்த்து ஒரு ஏக்கரை ஒரு முறை ஓட்ட ஒன்றரை மணி நேரம். இரண்டு ஓட்டு என்றால் மூன்று மணி. வருடத்துக்கு நாலு தடவை, ஆக 12 மணி நேரம். நாலடி புல் வெட்டி கொஞ்சம் வேகமாகப் போகும். இரண்டு ஏக்கரை வருடத்துக்குப் பத்து முறை வெட்ட 17 மணி. மண்பாதையை நிரவ 8. எருவும் கிளைகளும் ஏற்றி இறக்க வாரம் ஒரு மணி நேரம் என்று தாராளமாக 45. கூட்டினால் 82.

வீட்டில் நிற்கும் புது வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடத்துக்கு என்ன தின்னும்? பத்து வருடத்தில் பாதி விலை போய்விடும் என்று வைத்தால் வருடம் 5. அதில் முடங்கிய பணம் வேறு இடத்தில் 8 சதவீதம் சம்பாதித்திருக்கும், அது சராசரியாக 6. காப்பீடு, சர்வீஸ், டயருக்கு எடுத்துவைப்பது என 4. ஆக 15. நீங்களே ஓட்டினால் டீசல், ஆயில், கிரீஸ் மணிக்கு 0.05 என்று வைப்போம். 0.15 வாடகையோடு பார்த்தால் மணிக்கு 0.10 மிச்சம். அந்த 15ஐ ஈடுகட்ட 150 மணி நேரம் ஓட வேண்டும். உங்களிடம் இருப்பது 82. வருடத்துக்கு 7 அளவில் கையைக் கடிக்கும். இதில் நான் எடுத்துக்கொண்ட எண்களை நீங்கள் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம், ஆனால் 82ஐ 150 ஆக்குவது கஷ்டம்.

அதனால் டிராக்டர் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மழை விட்ட பிறகு மண் பதமாக இருப்பது இரண்டு மூன்று நாள்தான். அந்த நாளில் வண்டி வராமல் அடுத்த வாரம் வந்தால் கட்டி கட்டியாகப் பெயரும், விதைப்பு தள்ளிப்போகும். அந்த நஷ்டம் வாடகைக் கணக்கில் தெரியாது. நினைத்த நாளில் வண்டி கையில் இருப்பதற்கு ஒரு விலை கொடுக்கலாம், தப்பில்லை. வருடம் 7 கொடுப்பதா, 2 கொடுப்பதா என்பதுதான் கேள்வி.

2க்கு முடிக்கும் வழி, உங்கள் இரண்டு தேர்வுகளிலும் இல்லாத மூன்றாவது: நாலு சக்கரமும் இழுக்கும் 25 குதிரைத்திறன் வண்டியைப் பழையதாக, 50க்குள் வாங்குவது. மதிப்பில் பெரும்பகுதியை முதல் உரிமையாளர் ஏற்கெனவே இழந்திருப்பார். பத்து வருடத்தில் அது 30 ஆனாலும் வருடம் 2தான் போகும். முடங்கிய பணத்துக்கு 3, ரிப்பேரும் காப்பீடும் 5. ஆக 10, அதாவது 100 மணி நேரம். உங்கள் 82க்கு இது எட்டும் தூரம். 82 மணி நேரத்தில் 8 மிச்சமாகும், கையைக் கடிப்பது 2தான்.

45 குதிரைத்திறன் வண்டி அதைவிடப் பலம்தானே என்பீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்து வாங்கினேன். முதல் வாரமே தெரிந்தது, மரவரிசைக்குள் திரும்ப முடியாது. ஒவ்வொரு வரிசை முனையிலும் முன்னே பின்னே எடுத்து, கீழ்க்கிளைகளை ஒடித்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. அந்த அளவு வண்டி சுமார் இரண்டு டன் இருக்கும். ஈர மண்ணில் ஏறினால் டயர் போன தடம் இறுகி, அடுத்த பருவத்திலும் அங்கே செடி குன்றி நிற்கும். சின்ன வண்டி ஏறக்குறைய அதில் பாதி எடைதான். உங்கள் வேலைக்கு 45 தேவையும் இல்லை. புல் வெட்டிக்கும் ரோட்டவேட்டருக்கும் அடிக்கு 5 குதிரைத்திறன் என்பது நடைமுறைக் கணக்கு. நாலடிக் கருவிக்கு 20 போதும்.

அந்த 20ஐ எஞ்சினில் பார்க்கக் கூடாது, பிடிஓவில் பார்க்க வேண்டும். கருவியைச் சுழற்றும் அந்தப் பின் தண்டுக்கு எஞ்சின் திறனில் 80 முதல் 85 சதவீதம்தான் போய்ச் சேரும். எஞ்சின் 25 என்றால் பிடிஓவில் 20, 21. காகிதத்தில் ஒன்றும் களத்தில் ஒன்றுமாக இருப்பது பழைய வியாதி. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் விவசாயிகள் இப்படி ஏமாந்துதான், 1919இல் டிராக்டர்களைச் சோதித்துப் பார்க்காமல் விற்கக் கூடாது என்று சட்டமே வந்தது. அந்தச் சோதனைக்கூடம் இன்றும் நடக்கிறது. விளம்பரத் தாளில் பிடிஓ திறன் தனியாகப் போட்டிருக்கிறதா என்று தேடுங்கள், அந்த எண்ணை வைத்துப் பேசுங்கள்.

சரிவு பற்றி ஒரே வரி எழுதியிருந்தீர்கள், எனக்கு அதுதான் பெரிய கவலை. டிராக்டர் விபத்தில் உயிர் போவது பெரும்பாலும் வண்டி கவிழ்ந்துதான். ஓட்டுபவர் தலைக்கு மேல் நிற்கும் பாதுகாப்புக் கம்பியும் சீட் பெல்ட்டும் சேர்ந்தால்தான் காப்பாற்றும். ஒன்று மட்டும் இருந்தால் போதாது. ஸ்வீடன் 1959இலேயே புது டிராக்டர்களுக்குக் கம்பியைக் கட்டாயமாக்கியது. பழைய வண்டிகள் பலவற்றில் இது இருக்காது, அல்லது கிளை இடிக்கிறது என்று கழற்றிப் போட்டிருப்பார்கள். உங்களுக்கு வந்திருக்கும் 45இல் இருக்கிறதா? இல்லையென்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். இரண்டு சம்பளத்தில் ஓடும் வீடு உங்களுடையது. விபத்துக் காப்பீட்டில் டிராக்டர் ஓட்டுவது அடங்குமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய வண்டி பார்க்கப் போகும்போது, வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் எஞ்சின் பிளாக்கில் கை வையுங்கள். என் பழைய வண்டி அன்று வெதுவெதுப்பாக இருந்தது. காலையில் கொஞ்சம் ஓட்டினேன் என்றார் விற்றவர், நான் தலையாட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்த மறுநாள், குளிர்ந்த எஞ்சின் அரை மணி நேரம் இழுத்தும் பிடிக்கவில்லை. டீசல் பம்ப் போயிருந்தது. அந்த மாடலுக்கு உதிரிபாகம் வருவது நின்று வெகுநாள் ஆகியிருந்தது. தேடி வாங்கிப் பொருத்த இரண்டு மாதம், அந்தப் பருவமே போயிற்று. நீங்கள் கை வைத்துப் பார்த்து, சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள்.

குளிர்ந்த நிலையில் எடுத்ததும் புகையைப் பாருங்கள். நீலமாக விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் குச்சியை உருவிப் பார்த்து, பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது, பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். பின்னால் கனமான கருவியை மாட்டித் தூக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். அதற்குள் கருவி தரைக்கு இறங்கிவிட்டால் ஹைட்ராலிக்கில் கசிவு. மீட்டரில் 600 மணி என்று இருந்து, பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் ரப்பரை நம்புங்கள். கியர் இல்லாத ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டி புதிதாக ஓட்டக் கற்பவருக்குச் சுகம்தான், ஆனால் பழுதானால் செலவு பெரிது, பழையதில் கியர் வண்டியே எடுங்கள். கடைசியாக, முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் உதிரிபாகக் கடைக்குப் போய் அந்த மாடலுக்கு ஃபில்டர், கிளட்ச் பிளேட், வாட்டர் பம்ப் மூன்றும் கேளுங்கள். ஒரு வாரத்தில் வரவழைக்க முடியாத வண்டி உங்களுக்கு வேண்டாம்.

இனி பணம். சேமிப்பு 70இல் ஆறு மாத வீட்டுச் செலவு 25ஐத் தொடவே கூடாது. மிச்சம் 45. வண்டிக்கு 50, ரோட்டவேட்டரும் புல் வெட்டியும் பழையதாக 15, முதல் வருட ரிப்பேருக்கு 5, ஆக 70 வேண்டும். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலைவதுபோல, முழுப் பணத்தையும் வண்டியில் போட்டுவிட்டு மாட்டக் கருவி இல்லாமல் கொட்டகையில் நிறுத்தி வைத்திருப்பவர்கள் பலரை எனக்குத் தெரியும். உங்களுக்குக் குறைவது 25. மாதம் 2.5 சேமிக்கிறீர்கள். பத்து மாதம் பொறுத்தால் கடனே வேண்டாம். டிரெய்லரைப் பிறகு பார்க்கலாம். முன்னால் பொருத்தும் லோடர் ஆசை இருந்தால் அதையும் தள்ளிப்போடுங்கள், வாங்கும் வண்டியோடு சேர்ந்தே வந்தால் சரி.

வாடகைக்கு விட்டுத் தவணை கட்டும் யோசனையை விட்டுவிடுங்கள். உங்கள் மண் பதமாக இருக்கும் நாளில்தான் அக்கம்பக்கத்து மண்ணும் பதமாக இருக்கும். அன்று வண்டி யார் நிலத்தில் நிற்கும்? இருவருமே வேலைக்குப் போகிறீர்கள், ஓட்டுவதற்கு ஆள் வைக்க வேண்டும். சொந்த உபயோகம் என்று எடுத்த காப்பீடு வாடகை ஓட்டத்தில் நடந்த விபத்துக்குப் பணம் தராமல் போகலாம். பிறரிடம் வண்டி வராமல் நீங்கள் பட்ட பாட்டைத்தான் அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கப்போகிறீர்கள்.

இந்தப் பத்து மாதமும் கொட்டகைக் கதவில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். வாடகை வண்டி வந்த நாள், ஓடிய மணி, என்ன வேலை, கொடுத்த தொகை. அதோடு, கூப்பிட்டும் வராத நாளையும் அதனால் எது கெட்டது என்பதையும் எழுதுங்கள். என் 82 சரியா என்பது அப்போது தெரியும். 50 மணி நேரத்துக்குக் கீழே வந்தால் பக்கத்து நிலக்காரர் ஒருவரோடு சேர்ந்து கூட்டாக வாங்குவதைப் பற்றிப் பேசுவோம், அதற்கு ஒப்பந்தம் வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கும். நோட்டின் பக்கங்களை அப்படியே படம் எடுத்து அனுப்புங்கள், கூட்டிக்கூடப் பார்க்க வேண்டாம்.