இசை படிக்கிற மாணவன் நான். மெட்டை நொட்டேஷனாக எழுத எந்த மென்பொருள் நல்லது?

கேட்டவர் கல்லடியில் விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படிக்கிறவர். பழைய லப்டொப், காசு கம்மி. சொந்தமாக இசையமைக்கிறார். “சிபேலியஸ் மென்பொருள் இல்லாட்டி சரிவராது” என்று நண்பர்கள் சொல்கிறார்களாம்.

தம்பி, மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருள் போதும். ஆனால் அதை இறக்குவதற்கு முதல் ஒன்றை யோசியுங்கள்: நீங்கள் எழுதுகிறதை யார் பார்த்துப் பாடப் போகிறார்கள்? வாய்ப்பாட்டு, வீணைப் பிள்ளைகள் என்றால் அவர்களுக்கு ச ரி க ம என்று தாளத்தோடு எழுதுகிற சுரதாளக் குறிப்புத்தான் தெரியும். அதற்கு வேர்ட்டில் ஒரு அட்டவணை போட்டு, கட்டத்துக்கு ஒரு அட்சரம் (தாளத்தின் ஒரு எண்ணிக்கை) என்று எழுதினாலே முடிந்தது. மேல்நாட்டு நொட்டேஷனாக ஐந்து கோட்டில் எழுதிக் கொடுத்தால் உங்களைத்தான் முழிசிப் பார்ப்பார்கள். கோயர், ஸ்கூல் பாண்ட், வயலின் கிட்டார் வாசிக்கிற ஆட்கள் என்றால்தான் நொட்டேஷன் மென்பொருள் தேவை.

மியூஸ்ஸ்கோரை டொட் ஓஆர்ஜி தளத்தில் எடுங்கள். அதே பேரில் இருக்கிற டொட் கொம், ஆட்கள் எழுதிய ஸ்கோர்களைப் பகிர்கிற இடம்; அங்கேதான் காசு கேட்கும். மென்பொருளுக்குக் காசு என்று நினைத்து ஏமாறுகிற ஆட்கள் நிறையப் பேர். 2022 டிசம்பரில் வந்த நான்காம் பதிப்பு 64 பிட் கம்பியூட்டரில் மட்டும் ஓடும். உங்களுடையது அதைவிடப் பழசு என்றால் 3.6 போடுங்கள். நல்ல வயலின் சத்தம் வேண்டும் என்று மியூஸ் சவுண்ட்ஸ் என்ற அதன் சத்தத் தொகுப்பை இறக்கப் போனால் டேட்டா முழுக்கக் கரையும், பழைய லப்டொப்பும் திணறும். கூடவே வருகிற சாதாரண சத்தம் பிழை பார்க்கப் போதும்.

தமிழ் வரி எழுதுகிற இடத்தில்தான் முதலில் முட்டுவீர்கள். நம்மட ஆட்கள் பாதிப்பேர் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டுகிறார்கள். அதைக் கொப்பி பண்ணிப் போட்டால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். யுனிகோட்டில் எழுதுங்கள். முதல் சுரத்தைத் தெரிவுசெய்து கொன்ட்ரோலும் எல்லும் அழுத்தினால் கீழே எழுத இடம் வரும். சொல்லுக்கு நடுவில் அடுத்த சுரத்துக்குப் போகச் சிறு கோடு, சொல் முடிந்தால் ஸ்பேஸ், ஒரே எழுத்தை இழுத்துப் பாடினால் அடிக்கோடு.

நான் பட்ட பாடு வேற. ஒரு முறை கூத்துப் பாட்டான தரு ஒன்றை நாலு குரல் கோயருக்கு எழுதும் வேலை வந்தது. கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஒருவர் வீட்டில் போய்ப் பாட வைத்துப் பதிந்து வந்து, மூன்று இரவு இருந்து எழுதி, லப்டொப்பில் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். “சுதி எல்லாம் சரி மனே. ஆனா நான் இப்படிப் படி படியா ஏறி வரல்லியே.” உண்மைதான். மென்பொருள் சுரத்துக்குச் சுரம் தாவுகிறது. அவர் வழுக்கிக்கொண்டு வருகிறார். சுரத்தை சென்ட் கணக்கில் ஏற்றி இறக்கலாம், ஒரு செமிரோனுக்கு, அதாவது அரைச் சுரத்துக்கு, 100 சென்ட். யாழ்நூலில் விபுலாநந்த அடிகள் சுருதியைக் கணக்குப் போட்டு அளந்ததைப் படிக்கிற பிள்ளைக்கு அது ஆசையாகத்தான் இருக்கும். நானும் இரண்டு நாள் அதில் கிடந்தேன். கமகம், அதாவது அந்த நெளிவு, வரவில்லை. மறுகா எல்லா நெளிவையும் அழித்துவிட்டு எலும்புச் சுரத்தை மட்டும் விட்டேன். அண்ணாவியாரின் குரல் பதிவைக் கோயருக்குக் கூடவே அனுப்பினேன். அவர்கள் தாளைப் பார்த்து நாலு குரலையும் பிடித்தார்கள், பதிவைக் கேட்டு நெளிவைப் பிடித்தார்கள்.

விருத்தத்துக்குத் தாளம் இல்லை. முழுதையும் ஒரே நீண்ட பார் (தாளக் கட்டம்) ஆக வைத்து, தாளக் குறியைத் தெரிவுசெய்து ஆங்கில வி எழுத்தை அழுத்தினால் அது கண்ணுக்குத் தெரியாது. மத்தளத்துக்கு ஒற்றைக் கோட்டுத் தாளவாத்திய வரி எடுத்து, கீழே பாட்டு வரி எழுதுகிற இடத்திலேயே சொற்கட்டை, அதாவது அடியைச் சொல்லிக் காட்டுகிற சொற்களை, எழுதினேன். மத்தளக்காரத் தம்பி மேலே இருந்த குறியைப் பார்க்கவே இல்லை, சொற்கட்டை வாசித்தே அடித்தான்.

சிபேலியஸ் நல்லதுதான், மறுக்கவில்லை. டொரிகோ என்ற மென்பொருளும் அப்படியே, 2012இல் சிபேலியஸின் லண்டன் அலுவலகத்தை மூடியபோது வெளியே வந்த சிபேலியஸ் ஆட்கள்தான் அதைக் கட்டினார்கள், 2016இல் வந்தது. இரண்டிலும் இலவசப் பதிப்பு உண்டு, கருவி எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடும் உண்டு. கோயருக்குத் தாங்கும், பாண்டுக்குத் தாங்காது.

காசு கொடுத்து வாங்கினாலும் நிரந்தரம் இல்லை. முப்பத்தைந்து வருஷம் ஓடிய பினாலே என்ற நொட்டேஷன் மென்பொருளை அதன் கம்பனியே 2024 ஆகஸ்டில் நிறுத்திவிட்டது. நான் அதற்கும் முதலே சூடு கண்டவன். களவாகக் கொப்பி பண்ணிய ஒரு மென்பொருளில் எழுதிய ஆறு பாட்டு, லப்டொப்பை போர்மட் பண்ணியதோடு திறக்க வழியில்லாத வெறும் பைலாகப் பென் டிரைவில் கிடக்கிறது. பிழை என்னுடையதுதான். ஆகவே எதில் எழுதினாலும் ஒவ்வொரு பாட்டையும் மியூசிக்எக்ஸ்எம்எல் ஆகவும் பிடிஎப் ஆகவும் ஏற்றுமதி பண்ணி வையுங்கள். முதலாவதை மற்ற நொட்டேஷன் மென்பொருள்கள் பெரும்பாலும் திறக்கும்.

இன்னொன்று: பாண்டுக்கு எழுதினால் கிளாரினெட், ட்ரம்பெட் தாள்களை அச்சடிக்க முதல் கொன்சேர்ட் பிட்ச் (உண்மையில் ஒலிக்கிற சுரத்தையே காட்டுகிற) பட்டனை நிறுத்த மறக்காதீர்கள். நான் ஒருமுறை மறந்து, ஒத்திகையில் இருபது பிள்ளைகள் ஒரு முழுச் சுரம் பிசகி ஊதினார்கள்.