டாக்டர் பதில்கள்: ‘ஹை ரிஸ்க்’ என்று வந்தால்?

கேள்வி: எனக்கு 34 வயது. 12-வது வாரத்தில் டபுள் மார்க்கர் என்ற ரத்த டெஸ்ட் எடுத்தேன். டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே வரும் குரோமோசோம் குறைபாடு) 1:120, ‘ஹை ரிஸ்க்’ என்று சிவப்பில் வந்திருக்கிறது. மாமியார் கலைத்துவிடச் சொல்கிறார். என்ன செய்வது? – வாசகி, திண்டுக்கல்

பதில்: அந்தச் சிவப்பு எழுத்தை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள், அம்மா. இதே ரிசல்ட் வந்த 120 பேரில் ஏறக்குறைய ஒருவரின் குழந்தைக்குத்தான் டவுன் சிண்ட்ரோம் இருக்கும். மற்ற 119 பேருக்கு இருக்காது. இதை மட்டும் வைத்துக் கருவைக் கலைப்பது பெரிய தவறு.

என்.டி. ஸ்கேன் (குழந்தையின் பின்கழுத்தில் உள்ள நீரின் அளவைப் பார்க்கும் ஸ்கேன்) ரிப்போர்ட்டோடு ஒரு கரு மருத்துவ நிபுணரைப் பாருங்கள். அடுத்த கட்டமாக என்.ஐ.பி.டி. என்றொரு மரபணுப் பரிசோதனை உண்டு; உங்கள் ரத்தத்திலேயே செய்வது, குழந்தைக்கு ஆபத்தில்லை. செலவு அதிகம், அதிலும் ‘ஹை ரிஸ்க்’ வந்தால் உறுதிசெய்தே ஆகவேண்டும். உறுதியான பதில் ஆம்னியோசென்டசிஸ் என்ற பனிக்குட நீர்ப் பரிசோதனையில் கிடைக்கும். 15 வாரம் முடிந்தபின், ஸ்கேனில் பார்த்துக்கொண்டே, மெல்லிய ஊசியால் பனிக்குட நீரைக் கொஞ்சம் எடுப்பார்கள். சில நிமிட வேலைதான். கரு கலையும் வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் உண்டு. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சம்மதியுங்கள்.

அப்புறம், மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: கருக்கலைப்புக்குக் குடும்பத்தில் சட்டம் கேட்பது உங்கள் சம்மதத்தை மட்டும்தான். கணவருடைய கையெழுத்துகூடத் தேவையில்லை. இந்த வாரமே அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள்.