ஜப்பானியக் கதைகளில் பழிவாங்கும் பேய் ஏன் எப்போதும் பெண்ணாகவே இருக்கிறது?

எப்போதும் அப்படி இருந்ததில்லை. பழைய ஜப்பானை நடுங்க வைத்த பேய்களில் பேர்போனவை ஆண்கள்தான், அதிலும் அரசியலில் தோற்ற பெரிய மனிதர்கள். சுகவாரா நோ மிச்சிசானே என்ற அமைச்சரைப் பொய்ப்பழி சுமத்தித் தலைநகரிலிருந்து தொலைதூரத்துக்குத் துரத்தினார்கள், 903-இல் அங்கேயே செத்தார். 930-இல் அரண்மனையில் இடி விழுந்து ஆட்கள் செத்ததும் இது அவர் வேலைதான் என்று பயந்துபோய், கடைசியில் கியோட்டோவில் கோயிலே கட்டிவிட்டார்கள். இப்போது அவர் கல்விக் கடவுள், பரீட்சைக்கு முன்னால் பிள்ளைகள் போய்க் கும்பிடுகிறார்கள்!

நீங்கள் கேட்கிற வெள்ளைப் புடவைக்காரி, அதாவது பிணத்துக்கு உடுத்தும் வெள்ளைக் கிமோனோவும் அவிழ்ந்த கூந்தலுமாக, கால் இல்லாமல் மிதந்து வருகிறவள், பெரும்பாலும் எடோ காலத்துக் (1603–1868) கபுகி நாடக மேடையும் ஓவியர்களும் சேர்ந்து நிலைநிறுத்திய உருவம். அவர்களில் தலைவி ஒயிவா. 1825-இல் எடோ நகரத்தில் (இன்றைய டோக்கியோ) மேடையேறிய யோட்சுயா பேய்க்கதையின் நாயகி.

பிள்ளை பெற்று உடம்பு தேறாமல் கிடக்கிறாள். புருஷன் இயெமோன் பிழைப்பு இழந்த சாமுராய். பக்கத்து வீட்டுப் பணக்காரருக்கோ அவனைத் தன் பேத்திக்குக் கட்டிவைக்க ஆசை, அதனால் பிரசவ மருந்து என்று சொல்லி விஷப்பொடியைக் கொடுத்தனுப்புகிறார். இவள் நன்றியோடு ஒரு துளி வீணாகாமல் குடிக்கிறாள், முகம் கோரமாகிவிடுகிறது. விஷயம் தெரிந்ததும் அவள் செய்வதுதான் என்னை உலுக்குகிற இடம்: அலறுவதை விட்டுவிட்டு, அந்த வீட்டுக்குப் போய் 'நன்றி' சொல்லிவிட்டு வருகிறேன் என்று அலங்காரம் செய்ய உட்காருகிறாள். அம்மாவின் சீப்பால் தலை வார, வார, முடி ரத்தத்தோடு கொத்துக் கொத்தாகக் கையில் வருகிறது. பேயாக வரும் காட்சிகளைவிட இதுதான் பயங்கரம், அப்போது அவள் இன்னும் உயிரோடு இருக்கிறாள் பாருங்கள்.

செத்த பிறகும் அவள் இயெமோனின் கழுத்தை நேரடியாக நெரிப்பதில்லை. அந்தப் பேத்தியைக் கட்டிக்கொண்ட முதலிரவில் புதுப்பெண்ணைப் பார்த்தால் ஒயிவாவின் முகம். வாளை வீசுகிறான், செத்தது புது மனைவி. அவன் கையாலேயே அவன் வாழ்க்கையை அழிக்கிறாள்.

சரி, ஏன் பெண்? எடோ காலத்தில் புருஷன் மூன்றரை வரி எழுதிக் கொடுத்தாலே விவாகரத்து முடிந்தது. பெண்டாட்டிக்கு அந்த உரிமை கிடையாது. காமாகுராவில் தோகெய்ஜி என்ற பெண் துறவியர் மடத்துக்குள் ஓடி நுழைந்து, முதலில் மூன்று வருஷம், பிற்காலத்தில் இரண்டு வருஷம் தங்கினால்தான் விடுதலை. அதற்கும் முடியாதவளுக்கு, வேலைக்காரிக்கு, யாரிடம் போய் முறையிட வழி? மிச்சிசானேக்குக் கோபிக்க ஒரு அரசவையாவது இருந்தது. உயிரோடு இருந்தபோது கேட்க முடியாத நியாயத்தை இவர்கள் செத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது என்பது என் கருத்து. மேடையில் கேட்டபோது கூட்டமும் அலைமோதியது, கோடையில் பேய் நாடகம் போட்டால் உடம்பு சில்லிடும் என்ற வியாபாரக் கணக்கும் அதில் உண்டு.

வேலைக்காரி என்றால் ஓகிகு. எஜமானின் பத்துத் தட்டுகளில் ஒன்று குறைந்ததற்காகக் கொன்று கிணற்றில் போடப்பட்டவள், சில வடிவங்களில் ஆசைக்கு இணங்காததால் எஜமானே ஒன்றை ஒளித்துவைக்கிறான். ஹிமேஜி கோட்டையில் இன்றும் ஒரு கிணற்றை அவள் பெயரில் காட்டுகிறார்கள். அவள் யாரையும் தொடுவதுகூட இல்லை, ராத்திரியில் ஒன்று, இரண்டு என்று ஒன்பது வரை எண்ணிவிட்டு ஓலமிடுவாள், அவ்வளவுதான்.

எடோக்காரர்கள் இவளையும் விடவில்லை. ரகுகோ என்ற ஒற்றை ஆள் நகைச்சுவைக் கதையில், ஒன்பது கேட்டால் சாவு என்பதால் அதற்கு முன்பே ஓடிவிடலாம் என்று ஊரே திரண்டு அவளை வேடிக்கை பார்க்க வருகிறது. ஒருநாள் நெரிசலில் ஓட முடியவில்லை, அவளோ ஒன்பதைத் தாண்டிப் பதினெட்டு வரை எண்ணுகிறாள். என்னம்மா இது என்று கேட்டால், நாளைக்கு லீவு, அதற்கும் சேர்த்து எண்ணிவிட்டேன் என்கிறாள்.