சாவிக் கூடு மாற்றப் போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

கார்ச் சாவி வெட்டுவதும் ரிமோட் பழுது பார்ப்பதும் இருபது ஆண்டுகளாக என் பிழைப்பு. கடை கோவையில். இன்று ஞாயிறு, கடை கிடையாது. விளக்கு வைக்கும் நேரம் வரை பதில் எழுதுகிறேன். சாவியின் வெளிப் பிளாஸ்டிக் உறைக்கு ஷெல், கேஸ், கவர் என்று ஆளுக்கொரு பெயர் சொல்வீர்கள். நான் கூடு என்றே எழுதுகிறேன். கேள்விகளுக்கு முன்னால் ஒன்று: புதுக் கூட்டில் வண்டி ஸ்டார்ட் ஆகும் வரை பழைய கூட்டைத் தூக்கி எறியாதீர்கள்.

ஈரோடு: ஒன்பது வயதுக் கார். சாவியின் பட்டன் ரப்பர் கிழிந்து உள்ளே இருப்பது தெரிகிறது. ஷோரூமில் கூடு மட்டும் தர மாட்டார்களாம், முழுச் சாவிதான் வாங்க வேண்டுமாம். இணையத்தில் 250 ரூபாய்க்குக் காப்பிக் கூடு இருக்கிறது. போடலாமா அண்ணா?

போடலாம். ஆனால் சாவிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போடுங்கள். உள்ளே மூன்று தனித்தனி ஆட்கள் குடியிருக்கிறார்கள். முதலாவது ரிமோட் போர்டு. கதவைத் திறப்பதும் பூட்டுவதும் இதன் வேலை, பேட்டரி தேவைப்படுவது இதற்குத்தான். இரண்டாவது, ஸ்டீயரிங் அருகே நுழைத்துத் திருப்பும் பிளேடு. மூன்றாவது சிப். இதற்குப் பேட்டரி கிடையாது. இக்னிஷன் துவாரத்தைச் சுற்றியிருக்கும் கம்பிச்சுருள் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் எழுப்பும் காந்தப்புலத்திலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு, தன் அடையாளத்தைச் சொல்லும். அதை இம்மொபிலைசர், அதாவது காரின் திருட்டுத் தடுப்புக் கருவி, ஏற்றுக்கொண்டால்தான் எஞ்சின் ஓடும்.

சில சாவிகளில் சிப் ரிமோட் போர்டிலேயே இருக்கும்; போர்டை மாற்றி வைத்தால் அதுவும் கூடவே வந்துவிடும். வேறு சில சாவிகளில் அரிசி மணி போன்ற கண்ணாடிக் குழாயாகவோ, சின்னக் கறுப்புத் துண்டாகவோ பிளேடின் அடிப்பக்கத்தில் தனியாகச் செருகியிருப்பார்கள். அழுக்கு என்று நினைத்து அதை அப்படியே விட்டுவிடுபவர்கள் அதிகம். ஒருவர் வீட்டிலேயே கூடு மாற்றிவிட்டு, பழையதைக் குப்பை வண்டியில் போட்டுவிட்டார். மறுநாள் கதவு திறந்தது, ரிமோட் வேலை செய்தது, எஞ்சின் மட்டும் அசையவில்லை. காரைக் கயிறு கட்டி இழுத்துவந்தார்கள். 250 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய்ப் புதுச் சிப்புக்கும், அதைக் காருக்கு அறிமுகப்படுத்தும் கோடிங்குக்கும் பல ஆயிரம் அழுதார்.

பிளேடைப் பொறுத்தவரை, உங்கள் பழைய பிளேடையே கழற்றிப் பொருத்தும் வகைக் கூடு கிடைத்தால் அதை வாங்குங்கள். வெட்டாத பிளேடோடு வந்தால் வெட்டத்தான் வேண்டும். அப்போது தேய்ந்த சாவியைப் பார்த்து அப்படியே வெட்ட விடாதீர்கள். தேய்மானமும் சேர்ந்து நகலாகும். சாவி எண் வைத்திருந்தால் அதைக் கொண்டு வெட்டச் சொல்லுங்கள்.

திருநெல்வேலி: 2032 பேட்டரி கிடைக்கவில்லை. 2025 போடலாமா?

முதல் இரண்டு இலக்கம் விட்டம், 20 மில்லிமீட்டர். அடுத்த இரண்டு தடிமன்: ஒன்று 3.2 மில்லிமீட்டர், மற்றது 2.5. இரண்டும் 3 வோல்ட்தான். ஆனால் 2025 தொளதொளவென்று நிற்கும், தொடர்பு விட்டு விட்டு வரும். அடியில் வெள்ளித்தாள் மடித்து வைப்பவர்களை எனக்குத் தெரியும். வேண்டாம். கழற்றிய பேட்டரியை மேசையில் போட்டுவைக்காதீர்கள். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துபோகக்கூடும். அது காலியான பேட்டரியாக இருந்தாலும் ஆபத்துதான்.

திருச்சி: நேற்று கூடும் பேட்டரியும் மாற்றினேன் சார். கதவு திறக்கிறது. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, டாஷ்போர்டில் சாவிப் படம் மின்னுகிறது.

பழைய கூடு எங்கே?

திருச்சி: வீட்டில்தான் எங்கேயோ இருக்க வேண்டும் சார்.

தேடுங்கள். கிடைத்ததும் எழுதுங்கள்.

நாகர்கோவில்: அண்ணா, புதுக் கூடு போட்ட பிறகும் பூட்டும் பட்டனை அழுத்தி அழுத்தித்தான் வேலை வாங்க வேண்டியிருக்கிறது. கூடு மட்டமா?

கூட்டின் மேல் பழி போடாதீர்கள் அம்மா. ரப்பருக்கு அடியில், போர்டில் 'டிக்' என்று ஒலிக்கும் சின்ன சுவிட்ச் ஒன்று இருக்கும். தேய்ந்தது அதுதான். நல்ல மொபைல் பழுதுக்காரரிடம் கொடுத்தால் பற்றவைத்து மாற்றித் தருவார். சுவிட்சின் விலையைவிட அவருடைய கைக்கூலிதான் அதிகமாக இருக்கும்.

புதுச்சேரி: கூட்டில் கார் நிறுவனத்தின் சின்னம் பளபளவென்று இருக்கிறது. அப்படியானால் ஒரிஜினல்தானே?

250 ரூபாய்க்குச் சின்னத்தோடு கிடைத்தால், அது ஒரிஜினல் இல்லை என்பதற்கு அந்தச் சின்னமே சாட்சி. அடுத்தவருடைய சின்னத்தை அனுமதியின்றிப் போட்டு விற்பது 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டப்படி குற்றம். நாணயமான காப்பி என்றும் ஒன்று உண்டு. சின்னம் இருக்கும் இடத்தில் வெறும் வட்டக் குழி மட்டும் இருக்கும். பழைய சின்னத்தைப் பெயர்த்து அதில் ஒட்டிக்கொள்ளலாம். விரல் நகத்தை இரு பாதிகளும் சேரும் விளிம்பில் ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் மழைத் தண்ணீரும் உள்ளே போகும்.

சேலம், மின்னணுப் பொறியாளர்: முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். காப்பிக் கூடு போட்டால் ரிமோட்டின் தூரம் குறைகிறது.

குறையாது. பிளாஸ்டிக் ரேடியோ அலையைத் தடுக்காது. நம் ஊர் ரிமோட்டுகள் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ், செங்கல் சுவரையே தாண்டும். பேட்டரியைத் தொடும் தகடு வளைந்திருக்கும், பாருங்கள்.

சேலம்: பார்த்துவிட்டேன். அதே போர்டு, அதே பேட்டரி. பழைய கூட்டில் 30 தப்படி தள்ளி நின்றும் திறந்தது. புதியதில் 12 தப்படிக்கு மேல் இல்லை. மூன்று முறை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன்.

கும்பகோணம்: எனக்கும் இதேதான்!

தஞ்சாவூர்: எனக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. கும்பகோணத்தாருக்கு எல்லாவற்றிலும் குறைதான்.

ஊர்ச் சண்டையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். சேலத்து நண்பரே, கூட்டைப் படம் எடுத்துப் போடுங்கள்.

சேலம்: போட்டிருக்கிறேன். பழையது முழுக்கக் கறுப்பு. புதியதில் ஓரத்தைச் சுற்றிக் குரோம் பட்டை.

அப்படியானால் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். குரோம் பூச்சு என்பது வெறும் வெள்ளிச் சாயம் அல்ல. பிளாஸ்டிக்கின் மேல் செம்பு, நிக்கல், குரோமியம் என்று படிய வைத்த நிஜ உலோகம். போர்டின் ஓரத்தில் வளைந்து ஓடும் கோடுதான் ஆன்டெனா. அதைச் சுற்றி மூடிய உலோக வளையம் ஒன்று வந்து உட்கார்ந்தால் ஆன்டெனாவின் ஸ்ருதி கலைந்துவிடும். கார் நிறுவனம் குரோம் வைத்தால் அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு வடிவமைக்கும். அழகுக்காக ஒட்டுபவர் அதைப் பார்ப்பதில்லை. இத்தனை ஆண்டுகளில் தூரம் குறைந்து வந்தவர்களுக்கெல்லாம் பேட்டரித் தகட்டையே நிமிர்த்திக் கொடுத்திருக்கிறேன். அவர்களில் எத்தனை பேரிடம் குரோம் கூடு இருந்ததோ!

தஞ்சாவூர்: என் கூட்டில் குரோம் இல்லை. நான் சொன்னதும் சரிதான்.

சரிதான் ஐயா.

ஓசூர்: பிளேடு மடங்கி உள்ளே போகும் ஃபிளிப் சாவி. பிளேடைப் பிடித்திருக்கும் பின்னைக் கழற்ற முடியவில்லை.

பின்னைத் தட்டித் தள்ளும் மெல்லிய கம்பிக் கருவி, பஞ்ச், வேண்டும். ஆணியால் அடித்தால் பின்னின் தலை விரிந்து உள்ளேயே சிக்கிக்கொள்ளும். கூட்டை மரக்கட்டையில் வைத்து, அந்தப் பின் விழுவதற்கு அடியில் ஓட்டை விட்டு, மெதுவாகத் தட்டுங்கள். திரும்பச் சேர்க்கும்போது சுருள்வில்லை ஏறக்குறைய ஒரு சுற்று முறுக்கிவிட்டு மூட வேண்டும். முறுக்காமல் மூடினால் பிளேடு சோம்பலாகப் பாதியில் நிற்கும். முறுக்கும்போது வில் துள்ளி ஓடும், கட்டிலுக்கடியில் தேட வேண்டிவரும். கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்யுங்கள்.

சென்னை: சாவி பிசுபிசுவென்று கையில் ஒட்டுகிறது. கூடு மாற்ற வேண்டுமா?

வேண்டாம். மேலே பூசிய மென்பூச்சு வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் சிதைந்துபோயிருக்கிறது. சென்னையில் இது சகஜம். போர்டை எடுத்துவிட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் தேய்த்தால் பூச்சு உரிந்து வந்துவிடும். நகப்பூச்சு அகற்றும் திரவத்தைத் தொடாதீர்கள். அதில் அசிட்டோன் இருந்தால் பிளாஸ்டிக்கே கரையும்.

மதுரை, வாடகைக் கார்: காப்பிக் கூடு போட்டால் காப்பீட்டில் பிரச்சினை வருமா?

வண்டி திருடுபோனால், வண்டியோடு வந்த சாவிகள் அத்தனையையும் காப்பீட்டு நிறுவனம் கேட்பது வழக்கம். அதனால் கூடு மாற்றிய ரசீதையும் பழைய பிளேடையும் ஓர் உறையில் போட்டு வையுங்கள். சாவியை வண்டிக்குள்ளேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். தகராறு கிளம்புவது அங்கேதான்.

கரூர்: கூடு மாற்றினேன். ஸ்டார்ட் ஆகவில்லை.

ஈரோட்டுக்காரருக்கு எழுதியதைப் படியுங்கள்.

விழுப்புரம்: சிப் என்றால் என்ன?

மேலே.

பெயர் வேண்டாம்: மாமா காருக்குச் சாவி போட்டோ அனுப்புகிறேன், ஒன்று வெட்டி அனுப்புவீர்களா?

மாமாவையும் ஆர்.சி. புத்தகத்தையும் அடையாள அட்டையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

வேலூர்: பட்டன் ஸ்டார்ட் கார். ஃபாபின் (சாவி ரிமோட்டின்) பேட்டரி செத்துவிட்டது, நடுரோட்டில் நிற்கிறேன்!

பதறாதீர்கள். ஃபாபுக்குள் ஒளிந்திருக்கும் பிளேடை உருவிக் கதவைத் திறங்கள். பிறகு பிரேக்கை மிதித்தபடி ஃபாபை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்துங்கள். பெரும்பாலான கார்களில் எஞ்சின் ஓடும். சில கார்களில் ஃபாபை வைக்க வேறு இடம் இருக்கும், கையேட்டில் பாருங்கள்.

தூத்துக்குடி: என் பைக் சாவி...

பைக் என் வேலை இல்லை தம்பி.

திண்டுக்கல்: கூடு மாற்றியபின் ஸ்டார்ட் ஆகவில்லை...

பழைய கூடு, பழைய கூடு, பழைய கூடு.

திருச்சி: சார், கிடைத்துவிட்டது! மகளின் விளையாட்டுச் சாமான் கூடையில் இருந்தது. நீங்கள் சொன்னது போலவே ஓரத்தில் கறுப்புத் துண்டு. அதை எடுத்துப் புதுக் கூட்டில் வைத்தேன், ஒரே திருப்பில் ஸ்டார்ட். எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

நன்றி இருக்கட்டும். நேற்று கழற்றிய பழைய பேட்டரியும் அந்தக் கூடையில் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

திருச்சி: இருந்தது சார். எடுத்துவிட்டேன்.