‘சரியாக வேலை செய்ய வேண்டும்’ – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு இன்ஸ்டிடியூட்டில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் படிக்கிறேன். பி.காம். முடித்தவன். வெரிஃபிகேஷன், வேலிடேஷன், செவிரிட்டி, பிரையாரிட்டி, எரர், டிஃபெக்ட், ஃபெயிலியர் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் இன்டர்வியூவில் கொஞ்சம் மாற்றிக் கேட்டாலும் குழம்பிவிடுகிறேன். கோடிங் வராதவன்தான் டெஸ்டிங்குக்குப் போவான் என்கிறார் மாமா. ஏஐ வந்துவிட்டதால் இந்த வேலையே இருக்காது என்றும் சொல்கிறார்கள். கையால் சோதிக்கும் மேனுவல் மட்டும் போதுமா, கருவி வைத்துச் சோதிக்கும் ஆட்டோமேஷனும் படிக்க வேண்டுமா? பயிற்சிக்காக ஒரு கொலுசுக் கடை பில்லிங் சாஃப்ட்வேருக்கு நான் எழுதிய டெஸ்ட் கேஸ்களை, அதாவது எதைக் கொடுத்தால் என்ன வர வேண்டும் என்ற சோதனை வரிகளை, ஒரு ஷீட்டில் இணைத்திருக்கிறேன். நேரம் இருந்தால் பாருங்கள்.

எஸ்., அம்மாப்பேட்டை

அன்புள்ள எஸ்.,

கடிதத்தைவிட நீங்கள் இணைத்திருந்த ஷீட்டைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாளாக மனதில் ஓடிக்கொண்டிருந்த ஒரு விஷயம் அதில் அப்படியே இருந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

மாமா சொல்வதை விட்டுத்தள்ளுங்கள். மேனுவலா ஆட்டோமேஷனா என்பதும் இன்றைக்கு உங்கள் கவலை இல்லை. முதலில் யோசிக்கப் பழகுங்கள், கருவியை அப்புறம் கற்றுக்கொள்ளலாம். நீங்கள் மனப்பாடம் செய்த சொற்களுக்கும் உங்கள் கொலுசுக் கடையே போதும். கடைக்காரர் எழுதிக் கொடுத்தபடி செய்திருக்கிறோமா என்று பார்ப்பது வெரிஃபிகேஷன். செய்து முடித்தது அவர் கல்லாவில் உட்கார்ந்தால் உண்மையிலேயே பயன்படுகிறதா என்று பார்ப்பது வேலிடேஷன். பில்லில் கடையின் பெயர் தப்பாக அச்சாகிறது என்றால் கணக்குக்கு ஒன்றும் ஆகாது, செவிரிட்டி (பாதிப்பின் அளவு) குறைவு. ஆனால் நாளைக் காலை கடை திறப்பதற்குள் திருத்தியாக வேண்டும், பிரையாரிட்டி (அவசரம்) அதிகம்.

எரர், டிஃபெக்ட், ஃபெயிலியர் மூன்றுக்கும் ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட்டை நினைவில் வையுங்கள். ஏரியன் 4-ல் ஓடிய கோட் புதிய ராக்கெட்டுக்கும் பொருந்தும் என்று மனிதர்கள் நினைத்தது எரர். 64 பிட் இடத்தில் இருந்த எண்ணை, 32,767 வரை மட்டுமே கொள்ளும் 16 பிட் இடத்துக்குள் திணிக்கும்போது அதைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்குப் பாதுகாப்பு இல்லாமல் கோடில் கிடந்த வரி டிஃபெக்ட். பழைய ராக்கெட்டில் அந்த எண் அவ்வளவு பெரிதாகப் போகவே இல்லை, அதனால் டிஃபெக்ட் சத்தமில்லாமல் கூடவே பறந்தது. 1996 ஜூன் 4-ந் தேதி, முதல் பயணத்தில், கிளம்பிய சுமார் 40 விநாடிகளில் ராக்கெட் வெடித்துச் சிதறியது. அது ஃபெயிலியர். புதிய ராக்கெட்டின் பயணப் பாதையைக் கொடுத்து அந்தக் கோட் ஓடிய வழிகாட்டும் கருவியை முன்கூட்டியே யாரும் சோதிக்கவில்லை. இதைச் சொல்லுங்கள், எப்படி மாற்றிக் கேட்டாலும் குழம்ப மாட்டீர்கள்.

சரி, இப்போது உங்கள் ஷீட். எதிர்பார்க்கும் முடிவு என்ற பத்தியில் மேலிருந்து கீழ்வரை ‘சரியாக வேலை செய்ய வேண்டும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கோபம் வந்தது தம்பி. எது சரி? அதைச் சொல்லத்தானே உங்களை உட்கார வைத்திருக்கிறார்கள்? பட்டனை அழுத்தி, திரையில் ஏதோ ஒரு எண் வந்ததைப் பார்த்து ‘பாஸ்’ என்று போடுவதற்கு டெஸ்டர் எதற்கு?

என் அப்பாவும் பெரியப்பாவும் ஆத்தூர்ப் பக்கம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போட்டவர்கள். ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ மில்லில் கிழங்குக்கு விலை பாயிண்ட் கணக்கில்தான், அதாவது மாவு எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்து. கிழங்கை வெளியே ஒரு எடை, தண்ணீருக்குள் முக்கி ஒரு எடை போட்டுப் பார்ப்பார்கள். மாவு கூடக்கூட தண்ணீருக்குள் எடை கூடும். அப்பா லோடை இறக்கிவிட்டு மில்காரர் சொல்லும் பாயிண்டைக் கேட்டுக்கொண்டு திரும்பி வருவார், குறைவாகத் தோன்றினாலும் வாய் திறக்க மாட்டார். எதை வைத்துத் திறப்பது? பெரியப்பா அப்படி இல்லை. கிளம்புவதற்கு முன்னாலேயே வீட்டுத் தராசைக் கட்டி, அண்டாவில் தண்ணீர் நிரப்பி, அதே லோடிலிருந்து எடுத்த கிழங்கைத் தானே நிறுத்து, வந்த கணக்கைத் துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். ஒரு தடவை மில்லில் 24 என்றார்கள். “எனக்கு 27 வந்துச்சு, இன்னொரு தடவ போடுங்க” என்றார். மறுபடி போட்டார்கள், 26-க்கு மேல் வந்தது. அவரிடம் துண்டுச் சீட்டு இல்லாவிட்டால் அன்றைக்கு 24 தான் உண்மை.

மில்லின் எண்ணைக் காதில் வாங்குவதற்கு முன்னால் அவர் எழுதிவிட்டார் என்பதைக் கவனியுங்கள். அதைத்தான் உங்களிடமும் கேட்கிறேன். உங்கள் ஷீட்டிலேயே 12,345 ரூபாய்க்குக் கொலுசு வாங்கியதாக ஒரு வரி இருக்கிறது. வெள்ளிக்கு ஜிஎஸ்டி 3 சதவீதம். மொத்தமாகப் போட்டால் வரி 370.35. ஆனால் பில்லில் அது மத்திய வரி 1.5, மாநில வரி 1.5 என்று இரண்டாகப் பிரியும், ஒவ்வொன்றும் 185.175, அதை 185.18 ஆக்கிக் கூட்டினால் 370.36. ஒரு பைசா வித்தியாசம். எதை வைத்துக்கொள்வது? கடைக்காரரையும் அவருடைய ஆடிட்டரையும் கேட்டுத்தான் சொல்ல முடியும். முன்கூட்டியே பேப்பரில் கணக்குப் போட்டிருந்தால் இந்தக் கேள்வி உங்களுக்கு வந்திருக்கும். போடாததால், திரையில் வந்த 370.36-க்குப் பக்கத்தில் ‘பாஸ்’ போட்டிருக்கிறீர்கள். சாஃப்ட்வேர் 370.35 காட்டியிருந்தாலும் பாஸ்தான் போட்டிருப்பீர்கள். எதைக் காட்டினாலும் பாஸ் ஆகிற ஒன்றை டெஸ்ட் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பி.காம். படித்தவர் நீங்கள், இந்தக் கணக்கு உங்கள் கைக்குள் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு திட்டுகிறேன்.

அமெரிக்கக் கணினி வல்லுநர் கிளென்ஃபோர்ட் மையர்ஸ் 1979-லேயே தன் டெஸ்டிங் புத்தகத்தில் இதை முதல் விதிகளில் ஒன்றாக வைத்தார். முடிவை முன்னால் தீர்மானிக்காவிட்டால், கண் தான் பார்க்க விரும்புவதைத்தான் பார்க்கும் என்பது அவர் கவலை. ஏஐ பற்றிக் கேட்டீர்களே, அதற்கும் இதே பதில்தான். கோடைக் கொடுத்து டெஸ்ட் எழுதச் சொன்னால், அந்தக் கோட் என்ன செய்கிறதோ அதையே எதிர்பார்க்கும் முடிவாக எழுதிக் கொடுத்துவிடக்கூடும். ஆடிட்டரிடம் போய்க் கேட்கிற ஆள் அப்போதும் வேண்டும்.

செவ்வாய்பேட்டையில் தெரிந்த கொலுசுக் கடை ஏதாவது இருந்தால் ஒரு மதியம் போய் உட்காருங்கள், பழைய வெள்ளியை எடுத்துக்கொண்டு புதியது கொடுக்கும்போது எப்படி பில் போடுகிறார்கள் என்று பாருங்கள்; உங்கள் ஷீட்டில் அது ஒரு வரிகூட இல்லை. பிறகு முதல் ஐந்து வரிகளை மட்டும், எதிர்பார்க்கும் முடிவில் எண்ணோடு, திருத்தி அனுப்புங்கள். நான் பார்க்கிறேன்.

அன்புடன்