பஸ் நிலையத்தில் நிற்கும் மகளைத் தடுக்காதீர்கள்

அன்புள்ள அம்மா,

கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் காரைக்குடி பஸ் நிலையத்தில் பயணிகளிடம் விசாரித்துக்கொண்டு நிற்கிறாள் என்று வருந்தி எழுதியிருக்கிறீர்கள். பயணிகளுக்கான செயலியை ‘அஜைல்’ முறையில் செய்கிறாளாம். இதனால் வேலை கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். நிச்சயமாக உதவும். அவள் நிற்கட்டும்.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடி வெளியிட்ட அறிக்கையால் பரவிய பெயர் அஜைல். எல்லாவற்றையும் முதலிலேயே எழுதிவைத்து, மாதக்கணக்கில் உழைத்து, கடைசியில் காட்டினால், ‘நாங்கள் கேட்டது இதுவல்ல’ என்ற பதில் வருவதுண்டு. அதனால் சிறு பகுதியைச் செய்து, பயன்படுத்துபவரிடம் கொடுத்து, திருத்திக்கொண்டே போவது இந்த முறை. இதில் பலரும் கையாளும் ஸ்கிரம் வழியில் ஒரு சுற்றுக்கு ஸ்பிரிண்ட் என்று பெயர். அது ஒரு மாதத்தைத் தாண்டக் கூடாது.

மாணவர்கள் பெரும்பாலும் வரைபடம், கடவுச்சொல் என்று அலங்காரத்தில்தான் தொடங்குகிறார்கள். கானாடுகாத்தானுக்குப் போகக் கையில் பையோடு வெயிலில் நிற்கும் ஆச்சிக்கு அவை எதற்கு? பள்ளத்தூர் வழியாகப் போகும் பஸ் எது, எத்தனை மணிக்கு, அது பெண்களுக்குக் கட்டணமில்லாத சாதாரண நகரப் பேருந்தா? 2021 முதல் அந்தச் சலுகை இருப்பதால், மூன்றாவது கேள்விதான் பலருக்கு முதல் கேள்வி. அறைக்குள் உட்கார்ந்து திட்டம் போடுபவருக்கு இது தோன்றாது. முதல் ஸ்பிரிண்டில் இந்த மூன்றுக்கும் பெரிய தமிழ் எழுத்தில், வெயிலிலும் தெரியும்படி பதில் வந்தால் போதும். பஸ் இப்போது எங்கே வருகிறது என்று காட்ட, போக்குவரத்துக் கழகத்தின் ஜிபிஎஸ் தரவு வேண்டும். அது கைக்கு வரும்வரை அந்த வசதியை யாருக்கும் வாக்களிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நேர்காணலில் ‘அஜைல் தெரியுமா?’ என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ‘பயணி சொன்னதைக் கேட்டு எதை மாற்றினாய்?’ என்ற அடுத்த கேள்வியில்தான் ஆள் தெரியும். யார் என்ன சொன்னார், எது மாறியது என்பதை அவள் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வரட்டும். நிரலை, இணையத்தில் பிறரும் பார்க்கும்படி சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தில் ஏற்றி வைக்கட்டும். பேசிப் பழகும் பெண் என்கிறீர்கள். நிரல் எழுதும் வேலை மட்டுமல்ல, பயனாளர் தேவையை ஆராயும் வேலையும் அவளுக்குப் பொருந்தும். ஆயிரக்கணக்கில் பணம் கட்டி ஸ்கிரம் சான்றிதழ் வாங்க இப்போது அவசரமில்லை.

தேர்வு பற்றிய உங்கள் பயம் நியாயமானது. அரியர் இருந்தால் பல நிறுவனங்கள் வளாக நேர்காணலில் உட்காரவே விடுவதில்லை. செமஸ்டர் தேர்வு நெருங்கும் வாரங்களில் புதிய ஸ்பிரிண்ட் தொடங்குவதில்லை என்று அவளுடைய குழு இப்போதே முடிவு செய்துகொள்ளட்டும்.